காலி (இலங்கை)

காலி இலங்கையின் தென்மேற்குக் கரையில் அமைந்துள்ள துறைமுக நகரமாகும். தென் மாகாணத்தின் தலைநகரான இது, கொழும்பிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. இதன் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம். மக்களில் பெரும்பான்மையினர் சிங்களவர். அவர்களுக்கு அடுத்த நிலையில் இலங்கைச் சோனகர் உள்ளனர். ஒரு காலத்தில் நாட்டின் முதன்மைத் துறைமுகமாக விளங்கிய காலி, இன்று அதன் கோட்டைக்காகவே பெரிதும் அறியப்படுகின்றது.

பண்டைய வணிகம்

மொரோக்கோப் பயணி இப்னு பதூதா 1344 இல் இந்நகருக்கு வந்துள்ளார். சீனக் கடற்படைத் தலைவர் செங் கே தொடர்பான, 1409 ஆம் ஆண்டுக்குரிய மும்மொழிக் கல்வெட்டு 1911 இல் இங்கு ஒரு மதகின் மூடுகல்லாகக் கண்டெடுக்கப்பட்டது. இதன் சீன மொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றது. இக்கடல் வழியில் இம்மூன்று மொழிகளும் வழங்கியமைக்கு இது சான்றாகும். கல்வெட்டு தற்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஐரோப்பியர் ஆட்சி

போத்துக்கீசர் 1588 இல் இங்கு அரண் அமைத்தனர். கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனுடன் உடன்படிக்கை செய்துகொண்ட ஒல்லாந்தர், 1640 மார்ச்சில் நகரைக் கைப்பற்றினர். 1656 இல் கொழும்பு வீழும் வரை காலியே இலங்கையில் அவர்களின் முதன்மைத் தளமாக இருந்தது. இன்றுள்ள கோட்டை பெரும்பாலும் அவர்கள் கட்டியதே. 1796 இல் நகர் பிரித்தானியர் வசமானது.

கோட்டை

மூன்று புறம் கடல் சூழ்ந்த முனையில் கோட்டை அமைந்துள்ளது. நிலப்பக்க மதிலில் சூரியன், சந்திரன், விண்மீன் எனப் பெயர் பெற்ற மூன்று கொத்தளங்கள் உள்ளன. பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் சேவல் உருவமும் காணப்படுகின்றன. தெருக்களின் அடியில் ஒல்லாந்தர் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்கள், கடலின் ஏற்றவற்றத்தால் தூய்மையாகும்படி வடிவமைக்கப்பட்டவை. 1755 இல் கட்டப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயம், மீரான் பள்ளிவாசல், 1939 இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

துறைமுகத்தின் வீழ்ச்சி

19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே சென்ற நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றுவதற்காகக் காலியில் தங்கின. எனினும் துறைமுகத்தில் மறைபாறைகள் இருந்தன; தென்மேற்குப் பருவக்காற்றின்போது கடல் கொந்தளித்தது. கொழும்பில் 1875 இல் தொடங்கிய அலைத்தடுப்புச் சுவரின் பணி 1885 இல் நிறைவுற்றதும் கப்பல்கள் அங்கு சென்றன. வணிகம் குன்றியதால் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன கட்டும் தேவை குறைந்தது. கோட்டையின் தெருக்களும் வீடுகளும் பெரிதும் மாறாமல் எஞ்சியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். 1988 இல் யுனெஸ்கோ கோட்டையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் காலி மாவட்டத்தில் 4,000 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மதிலுக்கு வெளியே உள்ள புதிய நகரில் பேருந்து நிலையமும் துடுப்பாட்ட அரங்கும் பேரழிவுக்கு உள்ளாயின. பீரங்கிகளைத் தடுக்க எழுப்பப்பட்ட மதில், கோட்டைக்குள் வாழ்ந்த மக்களைப் பெரும்பாலும் காத்தது. அரங்கு புனரமைக்கப்பட்டு 2007 டிசம்பரில் மீண்டும் தேர்வுப் போட்டியை நடத்தியது. முத்தையா முரளிதரன் தமது 800 ஆவது இலக்கை 2010 சூலையில் இங்கேயே வீழ்த்தினார்.

சுற்றுலாவும் குடியிருப்பும்

2011 இல் தெற்கு அதிவேகப்பாதை காலி வரை திறக்கப்பட்டதன் பின்னர் கொழும்பிலிருந்து பயணநேரம் வெகுவாகக் குறைந்தது. கோட்டையின் பழைய வீடுகள் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும் கடைகளாகவும் மாறியுள்ளன. இவ்வருமானம் கட்டடங்களைப் பழுதுபார்க்க உதவுகின்றது. அதே வேளை, வீட்டு விலை உயர்ந்ததால் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் சில வெளியேறியுள்ளன. பள்ளிகளும் வழிபாட்டிடங்களும் குடிமக்களும் கொண்ட வாழும் கோட்டையாக இருப்பதே காலியின் தனிச்சிறப்பு என்பதால், கட்டடங்களோடு அக்குடியிருப்பையும் பேணுவது முக்கியத்துவம் பெறுகின்றது.