உங்களுக்குத் தெரியுமா? குதிரை உங்களுடையது, தீவனம் எங்களுடையது!

அமெரிக்க எல்லை ரோந்துப் படை 1924 மே 28 அன்று உருவானது. வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அரசு ஒரு பேட்ஜும் ரிவால்வரும் கொடுத்தது. குதிரை, சேணம்? அதெல்லாம் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்! குதிரை தின்னும் ஓட்ஸுக்கும் வைக்கோலுக்கும் மட்டும் அரசு பொறுப்பு. சம்பளம் ஆண்டுக்கு 1,680 டாலர். சீருடை வர டிசம்பர் ஆகிவிட்டது. மதுவிலக்குக் காலம் வேறு. ஆள் கடத்தலோடு சாராயக் கடத்தலையும் துரத்த வேண்டியிருந்தது.

இந்தப் பழங்கதைகளைக் காக்க டெக்சஸின் எல் பாசோவில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. ஓய்வுபெற்ற காவலர்கள் முன்னின்று எழுப்பியது; அரசுப் பணம் வாங்காமல் நன்கொடையிலும் சந்தாவிலும் ஓடுகிறது. படையில் குதிரைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் சில, கொலராடோ சிறைக் கைதிகள் பழக்கிய காட்டுக் குதிரைகள்!