டீசல் ரயில் இன்ஜினை மின்சார இன்ஜினாக மாற்ற முடியுமா? செய்து காட்டிய இந்தியா ஏன் அதைத் தொடரவில்லை?

இந்திய ரயில்வேயின் அகலப் பாதையில் சுமார் 99 சதவீதம் மின்மயமாகிவிட்டது. 2018 செப்டம்பரில், மிச்சமிருந்த 13,675 கிலோமீட்டர் பாதையையும் மின்மயமாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 12,134 கோடி ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 283 கோடி லிட்டர் டீசல் மிச்சமாகும் என்றும் அப்போது சொல்லப்பட்டது.

சரி, மேலே கம்பி வந்துவிட்டது. கீழே ஓடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான டீசல் இன்ஜின்கள் என்ன ஆகும்? ரயில்வே கணக்கில் ஒரு டீசல் இன்ஜினின் ஆயுள் 36 ஆண்டுகள். பல இன்ஜின்கள் அதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. எல்லாமே நம் வரிப் பணத்திலும் டிக்கெட் காசிலும் வாங்கியவை. அவற்றையே மின்சாரத்தில் ஓட வைத்தால் என்ன?

கேட்க ரொம்ப எளிதாக இருக்கிறது. பதில் அவ்வளவு எளிதில்லை.

டீசல் இன்ஜின் ஏற்கெனவே பாதி மின்சார இன்ஜின்தான்

பஸ்ஸில் டீசல் இன்ஜின் கியர் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மெயின் லைன் ரயில் இன்ஜினில் அப்படி இல்லை. அங்கே டீசல் இன்ஜின் ஓர் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும். அதிலிருந்து வரும் மின்சாரம், சக்கர அச்சுகளோடு பொருத்தப்பட்ட மோட்டார்களுக்குப் போகும். சக்கரத்தைத் திருப்புவது அந்த மோட்டார்கள்தான்.

உங்கள் அபார்ட்மென்ட்டில் கரன்ட் போனதும் ஜெனரேட்டர் போடுகிறார்கள் இல்லையா? லிஃப்ட் அதே லிஃப்ட், மோட்டார் அதே மோட்டார். மின்சாரம் வரும் இடம் மட்டும் வேறு. டீசல் ரயில் இன்ஜின் தன் ஜெனரேட்டரைத் தானே சுமந்துகொண்டு ஓடுகிறது. மின்சார இன்ஜின் மேலே உள்ள கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அடிப்படை வித்தியாசம்.

அப்போ ஜெனரேட்டரைக் கழற்றினால் போதுமா?

போதாது. மேலே கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். அதை நேராக மோட்டாருக்குக் கொடுத்தால் மோட்டார் கருகிவிடும். கூரையில் கம்பியைத் தொடும் பான்டோகிராஃப், கோளாறு வந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர், வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர், மோட்டாருக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் என ஒரு முழு செட் உள்ளே வர வேண்டும். டீசல் இன்ஜின், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர், டீசல் டேங்க் எல்லாம் வெளியே போக வேண்டும்.

இதில் வெளியே தெரியாத சிக்கல்களும் உண்டு. பழைய ஆல்கோ வகை இன்ஜின்களில் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரஸரும், மோட்டார்களைக் குளிர்விக்கும் ப்ளோயர்களும் டீசல் இன்ஜினின் சுழற்சியிலேயே ஓடும். டீசல் இன்ஜினை எடுத்தால் இவையும் நின்றுபோகும். ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார் தேவை.

அடுத்தது எடை. சரக்கு ரயில் இன்ஜின் 120 டன்னுக்கு மேல் இருப்பது தற்செயல் அல்ல. அந்த எடைதான் சக்கரத்தைத் தண்டவாளத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. எடை குறைந்தால் எவ்வளவு சக்தி இருந்தாலும் சக்கரம் வழுக்கும். அதனால் எடுத்த எடைக்கு ஈடாக வைக்க வேண்டும். அதுவும் எல்லா அச்சுகளுக்கும் சமமாக விழும்படி.

வாரணாசியில் 69 நாட்கள்

இத்தனையையும் வாரணாசி டீசல் இன்ஜின் தொழிற்சாலை செய்து காட்டியது. தலா 2,600 குதிரைத்திறன் கொண்ட இரண்டு பழைய டபிள்யூ.டி.ஜி-3ஏ சரக்கு இன்ஜின்களை எடுத்துக்கொண்டார்கள். 2017 டிசம்பர் 22ல் தொடங்கிய வேலை 2018 பிப்ரவரி 28ல் முடிந்தது, 69 நாட்கள். இரண்டையும் இணைத்து 10,000 குதிரைத்திறன் கொண்ட இரட்டை இன்ஜினாக்கி, டபிள்யூ.ஏ.ஜி.சி-3 என்று பெயர் வைத்தார்கள். 2019 பிப்ரவரி 19ல் பிரதமர் மோடி வாரணாசியில் கொடியசைத்தார். உலகிலேயே இது முதல்முறை என்றது ரயில்வே.

டீசல் இன்ஜின் 18 வயதை எட்டியதும் அதைப் பிரித்துப் புதுப்பிப்பது வழக்கம். அதற்கே 5 முதல் 6 கோடி ரூபாய் ஆகும். மின்சாரத்துக்கு மாற்றுவதை அதில் பாதிச் செலவில் முடிக்கலாம் என்பது ரயில்வே சொன்ன கணக்கு. பாதி செலவு, ஏறக்குறைய இரட்டிப்பு சக்தி. கேட்டால் யாருக்கும் ஆசை வரும்.

லாபம் எங்கிருந்து வருகிறது?

முதல் லாபம் சக்தி. டீசல் இன்ஜினின் வலிமைக்கு அது சுமக்கும் ஜெனரேட்டர்தான் எல்லை. கம்பிக்குப் பின்னால் மொத்த கிரிட்டும் இருக்கிறது. சக்தி கூடினால் அதே சரக்கை வேகமாக இழுக்கலாம். பின்னால் வரும் பயணிகள் ரயிலும் காத்துக்கிடக்காது.

இரண்டாவது பிரேக். டீசல் இன்ஜின் மோட்டார் மூலம் பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரம் வெப்பமாகி வீணாகும். நவீன மின்சார இன்ஜின் அதைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும்.

மூன்றாவது எண்ணெய். நாம் பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. மின்சாரம் பெரும்பாலும் உள்நாட்டில் தயாராகிறது.

"அந்த மின்சாரமே நிலக்கரியில்தானே வருது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்திய மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அதனால் டீசலை விட்டதும் கார்பன் மாயமாகிவிடாது. ஆனால் டீசல் இன்ஜின் கடைசிவரை டீசலைத்தான் எரிக்கும். கிரிட்டில் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் கூடக் கூட, மின்சார இன்ஜின் தன்னில் எதையும் மாற்றாமலே சுத்தமாகும்.

பிறகு ஏன் தொடரவில்லை?

சில இன்ஜின்களைத் தாண்டி இந்த மாற்றம் பெரிதாகப் போகவில்லை. காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

மாற்றிய இன்ஜின் ஒன்றுக்கு 5,000 குதிரைத்திறன். ஆனால் அடிச்சட்டம் பழசு. 18 ஆண்டுகள் ஓடிய உடம்பு. புதிய டபிள்யூ.ஏ.ஜி-9 ஒற்றை இன்ஜினே 6,000 குதிரைத்திறன் தரும், முழு ஆயுளோடு. பீகாரின் மாதேபுராவில் தயாராகும் இரட்டை இன்ஜினின் சக்தி 12,000.

இன்னொன்று பராமரிப்பு. எண்ணிக்கையில் குறைந்த, விசித்திரமான ஒரு வகை இன்ஜினுக்குத் தனி உதிரி பாகம், தனிப் பயிற்சி, தனி வரைபடம் வேண்டும். பிரிட்டன் இதை வேறு திசையில் அனுபவித்தது. 1967-68ல் பத்து மின்சார இன்ஜின்களில் டீசல் இன்ஜினையும் சேர்த்து 'கிளாஸ் 74' ஆக்கினார்கள். அடிக்கடி கோளாறு. 1977க்குள் பத்தும் ஓய்வுபெற்றன.

இந்தியாவில் பெரிய அளவில் நடந்த மாற்றம் வேறு. இன்ஜினுக்குப் பதிலாகத் தொழிற்சாலையே மாறியது. 1964 முதல் டீசல் இன்ஜின் தயாரித்த வாரணாசி ஆலை, 2020ல் பெயரிலிருந்த 'டீசல்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ்' ஆனது. டீசல் இன்ஜின்களைப் புதுப்பித்துவந்த பாட்டியாலா ஆலையும் இப்போது மின்சார இன்ஜின் தயாரிக்கிறது. பிஸ்டனும் இன்ஜெக்டரும் பழகிய கைகள் கன்வெர்ட்டரைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 2024-25ல் நாட்டில் 1,681 இன்ஜின்கள் தயாரானதாக ரயில்வே சொல்கிறது. புதுசு இவ்வளவு வேகமாக வரும்போது பழசைத் திருத்துவதன் அவசரம் குறைந்துவிடுகிறது.

மிச்சமிருக்கும் டீசல் இன்ஜின்கள்?

எல்லாம் பழைய இரும்புக்குப் போகாது. 2012 ஜூலையில் வடக்கு கிரிட் விழுந்தபோது நூற்றுக்கணக்கான ரயில்கள் நடுவழியில் நின்றன. புயலில் கம்பி அறுந்தாலும் இதே நிலைதான். அதனால் ஒரு பகுதியைக் கையிருப்பாக வைத்திருப்பது புத்திசாலித்தனம். யார்டில் பெட்டிகளைக் கோப்பதற்கும் டீசல் உதவும். வங்கதேசத்துக்கு 2020ல் 10, 2023ல் 20 அகலப்பாதை டீசல் இன்ஜின்களை இந்தியா கொடுத்தது.

உறுத்தும் கேள்வி ஒன்று பாக்கி. பீகாரின் மர்ஹௌராவில் 1,000 புதிய டீசல் இன்ஜின்கள் தயாரிக்க ஒப்பந்தம் போட்டது 2015 நவம்பரில். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் முழு மின்மயத்துக்கு ஒப்புதல். ஒரு கை டீசல் இன்ஜினுக்கு ஆர்டர் கொடுக்கிறது, மறு கை கம்பி இழுக்கிறது. பழைய இன்ஜினை மாற்றுவதைவிட, தேவைப்படாத புது இன்ஜினை வாங்காமல் இருப்பதுதான் பெரிய சேமிப்பு.

இந்தக் கணக்கு ரயிலுக்கு மட்டுமில்லை. நாளைக்கு யாராவது உங்கள் பெட்ரோல் ஸ்கூட்டரை எலெக்ட்ரிக் ஆக்கித் தருகிறேன் என்று வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: மிச்ச உடம்புக்கு எத்தனை வருஷம் ஆயுள்? கெட்டுப்போனால் யார் பார்ப்பாங்க? இதே காசோடு கொஞ்சம் சேர்த்தால் புதுசு வருமா? "மாற்ற முடியுமா?" என்பது அதற்கு அப்புறம்தான்.