கடற்சிங்கம் எழுதியது குதிரையா, மாடா?

புத்தாண்டு நெருங்கினாலே எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு வீடியோ தவறாமல் வந்துவிடும். கறுப்பாக, வழவழவென்று ஒரு பிராணி வாயில் பிரஷ்ஷைக் கவ்விக்கொண்டு வெள்ளை அட்டையில் ஒரு எழுத்தை எழுதும். கூட்டம் கைதட்டும். கீழே "சீனப் புத்தாண்டுக்காக சீன எழுத்து எழுதும் சீல்" என்று போட்டிருக்கும். இந்த ஒரே வரியில் மூன்று தப்பு இருக்கிறது. அதைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தவன்தான், விஷயம் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் இடம். இந்த மாதிரிப் படங்களில் பிரபலமானவை ஜப்பானில், யோகோஹாமா நகரத்து ஹக்கேய்ஜிமா சீ பாரடைஸில் எடுத்தவை. அங்கே லியோ என்ற கடற்சிங்கம் வரப்போகும் ஆண்டின் ராசி எழுத்தை எழுதிக் காட்டிப் பேர் வாங்கியது. ஜப்பான் 1873-லேயே ஆங்கில நாட்காட்டிக்கு மாறிவிட்டதால் அங்கே புத்தாண்டு ஜனவரி 1-தான். சீனப் புத்தாண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பன்னிரண்டு விலங்கு ராசியை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, சீல் இல்லை. காதுமடல் வெளியே தெரிந்தால் கடற்சிங்கம். வெறும் துவாரம் மட்டும் இருந்தால் சீல். கடற்சிங்கத்தால் பின் துடுப்புகளை முன்பக்கம் மடக்கித் தரையில் நிற்க முடியும், நடக்கவும் முடியும். சீல் வயிற்றால் நகரும். எழுதுவதற்கு முக்கியமானது கழுத்து. கடற்சிங்கத்தின் கழுத்து நீளம், எந்தப் பக்கமும் வளையும். மீனைத் துரத்திப் பிடிக்க உண்டான கழுத்து அது. பிரஷ்ஷை வாயில் கொடுத்துவிட்டால் அந்தக் கழுத்துதான் கை.

மூன்றாவது தப்புதான் சுவாரசியமானது. சீன எழுத்து என்பது வம்சாவளிப்படி சரிதான். ஜப்பானியர் அதைக் காஞ்ஜி என்பார்கள் (நம்ம கஞ்சி இல்லை). ஆனால் லியோ எழுதுவது "குதிரை" என்ற சொல்லே இல்லை.

ஜப்பானில் புத்தாண்டின் முதல் எழுத்துக்கு காகிசோமே என்று பெயர். வழக்கப்படி ஜனவரி 2 அன்று மை அரைத்து, பிரஷ்ஷால் நல்ல வார்த்தை ஒன்றை எழுதுவார்கள். ஜனவரி நடுவில் அலங்காரங்களோடு அதையும் தீயில் போடுவார்கள். எரியும் காகிதம் உயரப் பறந்தால் கையெழுத்து தேறும் என்று நம்பிக்கை. இந்த வழக்கத்தைத்தான் விலங்கு நிகழ்ச்சியாக மாற்றியிருக்கிறார்கள். எழுதுவதற்கு எடுத்துக்கொண்டது ராசி எழுத்து.

ராசி எழுத்துகள் ஒரு தனி ஜாதி. குதிரை என்று சாதாரணமாக எழுதினால் பத்துக் கோடு, கீழே நாலு கால் மாதிரி நாலு புள்ளி. ராசிக் குதிரைக்கு நாலே கோடு. பாம்புக்குப் பதினொன்று, ராசிப் பாம்புக்கு மூன்று. காரணம், இந்தப் பன்னிரண்டும் விலங்குகளுக்காக உண்டானவை அல்ல. சீனாவில் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய எலும்புப் பொறிப்புகளிலேயே நாட்களை எண்ணும் வரிசைக் குறிகளாக இவை இருக்கின்றன. விலங்குகளைப் பின்னால்தான் ஒட்டினார்கள். இன்றைக்கும் ஜப்பானியர் முற்பகல், பிற்பகல் என்று மணி சொல்லும்போது எழுதுவது இதே "குதிரை" எழுத்தைத்தான். அங்கே அதற்கு நண்பகல் என்று பொருள்.

அதாவது, அட்டையில் இருப்பதைக் குதிரை என்று படிப்பது கூட்டம் செய்கிற வேலை. எழுத்தில் குதிரை இல்லை, கடற்சிங்கத்தின் தலையிலும் இல்லை.

அப்படியென்றால் அதன் தலையில் என்ன இருக்கிறது?

ராசிக் குதிரையையே எடுத்துக்கொள்வோம். 2014 குதிரை ஆண்டு, 2026-ம் அதுவே. மேலே இடப்பக்கம் ஒரு சின்னச் சாய்கோடு. அதன் அடியில் ஒரு படுக்கைக்கோடு. அதற்குக் கீழே இன்னும் நீளமாக ஒன்று. கடைசியில் மேல் படுக்கைக்கோட்டில் தொடங்கி நேராகக் கீழே இறங்கும் நெட்டுக்கோடு. அவ்வளவுதான். ஆனால் அந்த நெட்டுக்கோடு மேல் படுக்கைக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் தலையை நீட்டினால் குதிரை போச்சு, அது மாடு! சாதாரண மாட்டு எழுத்து அப்படியே வந்துவிடும். ராசிப் பாம்பும் இதே கதைதான். ஒரு வளைவை முழுசாக மூடினால் பாம்பு, பாதி மூடினால் "ஏற்கெனவே", திறந்தே விட்டால் "தான்".

இப்போது பிரஷ் கொஞ்சம் முன்னாடியே அட்டையைத் தொட்டு மாடு வந்துவிட்டது என்று வையுங்கள். லியோவுக்கு அது தெரியுமா? தெரியாது. தப்பு என்று சொல்வது ஊதப்படாத விசில்.

கடல் விலங்குப் பயிற்சியில் விசில்தான் மையம். ஸ்கின்னரின் மாணவர்களாக இருந்த கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி 1950-களில் புளோரிடாவில் டால்பின் பயிற்சிக்கு இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். விலங்கு சரியாகச் செய்த நொடிக்கும் மீன் வாய்க்கு வரும் நொடிக்கும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் அது வேறு ஏதாவது செய்துவிட்டால், மீன் அதற்குத்தான் என்று நினைத்துக்கொள்ளும். சரியான அந்த நொடியில் விசில் ஊதினால், "இதுதான், மீன் வருது" என்று முத்திரை குத்தின மாதிரி. முதலில் வெறும் குச்சியைக் கவ்வினாலே விசில். பிறகு கவ்வியபடி நின்றால்தான். பிறகு அட்டையைத் தொட்டால். பிறகு தொட்டபடி பக்கவாட்டில் தலையை நகர்த்தினால். இப்படித் துண்டு துண்டாகப் பழக்கிக் கடைசியில் சங்கிலியாகக் கோர்ப்பார்கள். இதில் பிரஷ்ஷைத் தூக்கி அடுத்த இடத்தில் வைப்பது கோடு இழுப்பதைவிடக் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காகிதத்தில் எதுவுமே பதியாத ஒரு அசைவு அது. போதாக்குறைக்கு ஒவ்வொரு வருஷமும் எழுத்து மாறும். போன வருஷத்துச் சங்கிலியை அவிழ்த்துப் புதிதாகக் கோர்க்கணும். என் தொழிலில் இதற்கு ஒப்பானது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை டிசம்பர் மாதம் மாற்றச் சொல்வது.

"அப்போ வெறும் மீனுக்கு ஆடுற ஆட்டம்தானே?" என்று கேட்கலாம். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். எழுதிக்காட்டும் வித்தை அதன் அறிவைக் காட்டவில்லை என்பது சரி. ஆனால் அறிவே இல்லை என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் ரொனால்ட் ஷூஸ்டர்மன் ரியோ என்ற பெண் கடற்சிங்கத்துக்கு மூன்று மூன்று படங்களாக முப்பது தொகுப்புகள் வைத்துச் சோதித்தார். நண்டைக் காட்டினால் பூவைத் தேர்ந்தெடு, பூவைக் காட்டினால் ரேடியோவைத் தேர்ந்தெடு என்பது போலச் சொல்லிக்கொடுப்பார்கள். பிறகு சொல்லித்தராத கேள்வி: ரேடியோவைக் காட்டினால் நண்டா? பன்னிரண்டு தொகுப்புகளில் இந்த விளையாட்டு பிடிபட்ட பிறகு, மீதிப் பதினெட்டில் ரியோ அதைத் தானாகச் செய்தது. 1993-இல் வெளியான ஆய்வு இது. வடிவத்துக்கும் வடிவத்துக்கும் உறவு கற்பிக்க அதனால் முடிகிறது. எழுத்து என்பதன் அடிப்படையே அந்த உறவுதானே. அதை மேடையில் காட்ட முடியாது, கைதட்டலும் கிடைக்காது. அதனால் வீடியோவும் வராது.

இன்னொன்றும் வீடியோவில் வராது. ஜப்பான் மேடைகளில் ஆடுபவை பெரும்பாலும் கலிபோர்னியக் கடற்சிங்கங்கள், அல்லது அவற்றின் வாரிசுகள். ஜப்பானுக்கென்று சொந்தமாக ஒரு கடற்சிங்க இனம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோலுக்கும் எண்ணெய்க்குமாக அவற்றை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். சர்க்கஸுக்கு உயிரோடும் பிடித்தார்கள். கொரியர்கள் தொக்தோ என்றும் ஜப்பானியர்கள் தகேஷிமா என்றும் இன்றும் சண்டை போடுகிற அந்தப் பாறைத் தீவில் 1951-இல் ஐம்பது அறுபது மிச்சம் இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை.

கடற்சிங்கத்துக்கு ஜப்பானிய மொழியில் அஷிகா என்று பெயர். அதைக் காஞ்ஜியில் எழுதும் ஒரு முறை: "கடல்" எழுத்து, பக்கத்தில் "கழுதை" எழுத்து. கழுதைக்கு மட்டும் இருபத்தாறு கோடு, அதன் இடப்பாதியில் அந்தப் பத்துக் கோட்டுக் குதிரை அப்படியே நிற்கும். ராசிகளில் கழுதை கிடையாது. அதனால் தன் பெயரை எழுத ஒரு கடற்சிங்கத்தை யாரும் பழக்கப் போவதில்லை.