கில்ட்டுக்கு ஏற்ற காலுறை

ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் உடையைப் பற்றி எழுத வருபவர்கள் கில்ட் என்னும் அரைப்பாவாடையின் நேர்த்தியான மடிப்புகளையும், டார்ட்டன் கட்டங்களின் வர்ண விசித்திரத்தையும், இடுப்பின் முன்புறம் தொங்கும் ஸ்போரன் என்னும் தோல் பையையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டுக் காலுறைக்கு வரும்போது ஒரு வரியோடு முடித்துக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த உடையை அணிந்து கல்யாண வீட்டிலோ, பேக்பைப் வாத்தியக் கோஷ்டியின் அணிவகுப்பிலோ காலை முதல் மாலை வரை நிற்க வேண்டியவருக்கு, அன்றைய சௌகரியம் அநேகமாகக் காலுறையைப் பொறுத்தே அமைகிறது. கில்ட் முழங்காலோடு நின்றுவிடுகிறபடியால், கால்சட்டைக்குள் மறைந்துவிடும் தொய்வும் சுருக்கமும் இங்கே எல்லார் கண்ணிலும் படுகின்றன. ஆகவே காலுறையைத் தேர்ந்தெடுப்பதிலும் பராமரிப்பதிலும் சிறிது விஷய ஞானம் அவசியமாகிறது.

ஆதியில் இந்தக் காலுறைகள் பின்னப்பட்டவை அல்ல. நெய்த டார்ட்டன் துணியையே காலின் வடிவத்துக்கு வெட்டிப் பின்புறம் தைத்து அணிந்தார்கள். நேராக வெட்டிய துணி கெண்டைக்காலின் பருமனுக்கு இசைந்து கொடுக்காது என்பதைக் கண்ட அக்காலத் தையற்காரர்கள் அதைக் குறுக்குவாட்டில் சாய்த்து வெட்டினார்கள். அதனால் துணிக்குச் சிறிது நெகிழ்வு உண்டானதோடு, சதுரக் கட்டங்கள் சாய்ந்து வைர வடிவம் பெற்றன. மலைநாட்டு உடையைத் தடைசெய்து 1746-ல் இயற்றப்பட்ட சட்டம் 1782-ல் ரத்தாகும் வரை சாமானிய ஜனங்கள் கில்ட் அணிய இயலாதிருந்தபோதிலும், ராணுவப் படைப்பிரிவுகளுக்கு அந்தத் தடை இல்லாமையால் இந்த வைரக் கட்டங்களும் படைகளிலே நிலைபெற்றன. பிளாக் வாட்ச் படையினரின் சிவப்பும் கறுப்பும், ஆர்கைல் அண்டு சதர்லண்டு ஹைலாண்டர்ஸ் படையினரின் சிவப்பும் வெள்ளையும் பிற்காலத்தில் அந்தந்தப் படைக்கு அடையாளமாயின.

இதற்கிடையே பின்னல் தொழிலும் வளர்ந்து வந்தது. இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-ல் கண்டுபிடித்த காலுறைப் பின்னல் பொறி, 1771-ல் ஸ்காட்லாந்தின் எல்லைப்புற நகரமாகிய ஹாயிக்குக்கு வந்து சேர்ந்து, அவ்வூரையே பின்னலாடைக்குப் பெயர்பெற்ற ஊராக்கியது. நாளடைவில் வெட்டித் தைத்த காலுறை மறைந்து, கையாலோ இயந்திரத்தாலோ பின்னியதே வழக்கமாயிற்று. இன்று கடைகளில் கிடைக்கும் இந்தக் காலுறைகளைக் கம்பளி, செயற்கை இழை, இரண்டும் கலந்தது என மூவகையாகப் பிரிக்கலாம்.

கம்பளியின் பெருமை அதன் இழையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆட்டு ரோமம் இயற்கையாகவே சுருள் சுருளாக வளர்வதால், இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் சுபாவமுடையது. கெண்டைக்காலை இறுக்காமல் பற்றிநிற்கும் திறமை இதிலிருந்தே வருகிறது. அன்றியும் அது தன் எடையில் நூற்றுக்கு 30 பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும், தொட்டால் நனைந்ததாகத் தோன்றுவதில்லை. சாதாரணக் காற்றிலேயே கம்பளி நூற்றுக்குச் சுமார் 16 பங்கு ஈரத்தை ஏற்று வைத்திருக்க, நைலான் 4 பங்கும், அக்ரிலிக் ஒன்றிரண்டு பங்கும், பாலியெஸ்டர் அரைப் பங்குக்கும் குறைவாகவுமே ஏற்கின்றன. இதன் பலனாக, கம்பளி அணிந்த கால் வியர்வையில் புழுங்குவதில்லை; துர்நாற்றமும் எளிதில் பற்றுவதில்லை. கம்பளி அரிக்கும் என்று அஞ்சுவோர், அரிப்புக்குக் காரணம் கம்பளி என்பதல்ல, 30 மைக்ரானுக்கு மேல் தடித்த ரோமத்தின் நுனி தோலைக் குத்துவதே என்று அறிந்து, மெல்லிய மெரினோ இழையில் பின்னியதை நாடுவது நலம்.

செயற்கை இழைகளைத் தாழ்வாகக் கருதுவதும் நியாயமல்ல. அமெரிக்காவில் டூ பாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-ல் உருவாக்கிய நைலான், உராய்வைத் தாங்குவதில் கம்பளியைவிட வலிமை மிக்கது. ஆதலால் குதிகாலிலும் விரல் நுனியிலும் சீக்கிரம் தேய்ந்துபோகும் கம்பளியோடு நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு நைலானைச் சேர்த்துப் பின்னினால், கம்பளியின் சுகம் கெடாமல் ஆயுள் கூடுகிறது. அக்ரிலிக்கோ விலை மலிவானது, இயந்திரத்தில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது. வருஷத்துக்கு ஒருமுறை விருந்துக்குப் போகிறவருக்கும், இன்னும் கால் வளரும் சிறுவர்களுக்கும் அது போதுமானது. ஆயினும் நெடுநேரம் அணிந்தால் அது தொய்ந்து இறங்குவதும், வெந்நீர் பட்டால் உருக்குலைவதும், மேற்பரப்பில் சிறு சிறு உருண்டைகள் திரள்வதும் தவிர்க்க முடியாதவை.

வாங்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது அளவு. பாதத்தின் அளவை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. கெண்டைக்காலின் சுற்றளவும், முழங்காலுக்குக் கீழுள்ள உயரமும் பொருந்த வேண்டும். மேல்விளிம்பு மடித்துவிடப்படுவதால், மடிப்புக்கும் சேர்த்துப் போதிய நீளம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். விளிம்பை இரு கைகளாலும் அகல இழுத்து விட்டால் உடனே பழைய அளவுக்குச் சுருங்குகிறதா என்று சோதிப்பதும், உள்ளே கைவிட்டு விரிக்கும்போது பின்னலின் இடைவெளி பெரிதாகத் தெரிகிறதா என்று பார்ப்பதும் நல்ல பரீட்சைகள். வர்ணத்தைப் பொறுத்தவரை, பகல் வேளையில் கரும்பச்சை, கருநீலம், சாம்பல் போன்ற அடக்கமான நிறங்களும், மாலை விருந்துகளில் பாலாடை நிறமோ வைரக் கட்டமிட்டதோ சம்பிரதாயமாக இருந்து வருகின்றன.

அணியும் முறையிலும் ஒரு கிரமம் உண்டு. காலுறையை முழுதும் மேலே இழுத்து, கெண்டைக்காலுக்கு மேலே எலாஸ்டிக் பட்டையைப் பூட்டி, அதில் தைத்துள்ள ஃப்ளாஷ் என்னும் வர்ணத் துணித் துண்டுகள் காலின் வெளிப்புறமாக வருமாறு திருப்பிய பிறகே, மேல்விளிம்பை மடித்துப் பட்டையை மறைக்க வேண்டும். மடித்த விளிம்பு முழங்கால் சில்லுக்குக் கீழே மூன்று நான்கு விரற்கடை தள்ளி நிற்பதும், துணித் துண்டின் நுனி மட்டும் மடிப்பின் கீழே தெரிவதும் அழகு. வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் ஸ்கியன் டூ என்னும் சிறு கத்தியை வலக்காலுறையில் பிடி மட்டும் வெளியே தெரியும்படி செருகுவார்கள். அதன் பாரத்தால் மெலிந்த பின்னல் நாளுக்கு நாள் விரிந்துபோகும். கத்தி அணிகிறவர் தடித்த பின்னலையே தேர்ந்தெடுப்பது உசிதம்.

இனிப் பராமரிப்பு. கம்பளி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால், ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றின்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருப்பது தெரியும். சூடும் ஈரமும் கசக்கலும் ஒன்றுசேரும்போது இச்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு மீண்டும் பிரியாதபடி இறுகிவிடுகின்றன. பெரியவர் காலுறை குழந்தைக்கும் போதாமல் சுருங்கும் விபத்துக்கு இதுவே காரணம். ஆதலால் 30 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில், கம்பளிக்கென்று விற்கும் காரமற்ற சோப்புத் திரவத்தைக் கரைத்து, காலுறையை உட்புறம் வெளியாகத் திருப்பிச் சில நிமிஷம் ஊறவைத்து, தேய்க்காமல் மெதுவாக அழுத்தி அழுத்தி அழுக்கை நீக்க வேண்டும். கம்பளி ஒரு புரதப் பொருளாகையால், சலவைச் சோடாவும், புரதக் கறையைக் கரைக்கும் என்சைம் கலந்த சலவைத் தூளும் அதற்குப் பகை. குளோரின் கலந்த வெளுப்பானோ இழையையே அரித்து மஞ்சளாக்கிவிடும். அலசியபின் முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துவாலையில் வைத்துப் பாய்போல் சுருட்டி அழுத்தினால் நீர் துவாலைக்கு மாறும். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையே அதை நீளமாக்கிவிடுமாதலால், நிழலில் சமதளத்தில் பரப்பி, கையால் உருவம் திருத்தி உலர்த்துவதே முறை. செதில்களை மழுக்கிப் பூச்சிட்டுத் தயாரித்த கம்பளி இயந்திரச் சலவையைத் தாங்கும். உள்ளே ஒட்டிய சீட்டில் அதற்கு அனுமதி இருந்தாலொழிய அதை முயலக் கூடாது. செயற்கை இழையை இயந்திரத்தில் துவைக்கலாம். ஆயின் வெந்நீரும் சூடான உலர்த்தியும் இஸ்திரிப் பெட்டியும் அதற்கு ஆகாது.

கம்பளியை அரிப்பது அந்துப்பூச்சி அல்ல, அதன் புழுவே. அது வியர்வையும் உணவுக் கறையும் படிந்த துணியையே விரும்பித் தேடுகிறது. துவைத்து நன்றாக உலர்த்தி இறுக மூடிய பையில் வைப்பது, பாச்சை உருண்டையைக் காட்டிலும் உறுதியான காவலாகும். குதிகாலில் பின்னல் மெலிந்து வெளிச்சம் தெரியத் தொடங்கியதுமே, ஓட்டை விழும்வரை காத்திராமல், அதே வர்ணக் கம்பளி நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டிவிட்டால் இன்னும் பல பருவங்களுக்கு உழைக்கும்.

அடிக்கடி கில்ட் அணிகிறவர் நைலான் சிறிது கலந்த கம்பளியில் இரண்டு ஜோடி வாங்கி, மாற்றி மாற்றி அணிந்து, அணியாத நாளில் காற்றாட விட்டு வைப்பதே எல்லாவற்றிலும் சிலாக்கியமான வழி என்பது என் அபிப்பிராயம். முதலில் கொடுக்கும் விலை கூடுதலாகத் தோன்றினாலும், ஒழுங்காகத் துவைத்துப் பழுது பார்த்து வந்தால் வருஷக் கணக்கில் அது மலிவாகிவிடுகிறது. துவைப்பதில் அவ்வளவு சிரத்தை எடுக்க இயலாதவர் விலையுயர்ந்த கம்பளியை வாங்கிக் கெடுப்பதைவிட நல்ல அக்ரிலிக்கையே வாங்கித் திருப்தியோடு அணியலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.