முர்னாங் கிழங்கு: ஆடு மேய்ந்து அழிந்த சாப்பாடு



ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே விக்டோரியா மாநிலத்தில் ஒரு புல்வெளிச் செடி உண்டு. பெயர் முர்னாங். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் பற்றி இன்று பார்ப்போம்.

செடி எப்படி இருக்கும்? தரையை ஒட்டிக் குறுகலான நீண்ட இலைகள். நடுவே இலையில்லாத ஒற்றைத் தண்டு. நுனியில் மஞ்சள் பூ. மொட்டு தலை கவிழ்ந்து தொங்கும், மலரும்போது நிமிர்ந்துகொள்ளும். மண்ணுக்குள்ளே முள்ளங்கிப் பிஞ்சு போலக் கிழங்கு. கோடையில் இலை காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் காத்திருக்கும். கோடை கழிந்து மழை விழுந்ததும் மறுபடி தளிர்க்கும்.

அங்குள்ள பழங்குடி மக்களுக்கு அந்தக் காலத்தில் இதுதான் முக்கியமான சாப்பாடாக இருந்தது. பச்சையாகவும் தின்னலாம். கூடையில் போட்டுக் குழி அடுப்பில் வேகவைத்தால் இளகி, இனிப்பாகிவிடும். தோண்டுகிற வேலை பெண்களுடையதாக இருந்தது. கருவி ஒரு கூரிய குச்சி. 1841-இல் மேற்கு விக்டோரியாவில் பயணம் செய்த ராபின்சன் என்ற அரசு அதிகாரி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பெண்கள் பரவி நின்று இதைத் தோண்டுவதைப் பார்த்து எழுதிவைத்தார்.

தோண்டித் தின்றால் செடி அழிந்துவிடாதா என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. குச்சியால் கிளறக் கிளற மண் பொலபொலப்பாகும். காற்றும் நீரும் இறங்கும். நெருக்கமாக நிற்கும் செடிகள் கலைக்கப்படும். மிஞ்சிய கிழங்குக்கு இடம் கிடைக்கும். பருவம் பார்த்துப் புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள். வெளிச்சம் கிடைக்கும், சாம்பலும் மண்ணில் சேரும். நாம் களை கொத்தி, செடி கலைத்து, உரம் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதானுங்க!

1830-களில் வெள்ளைக்காரர்கள் செம்மறி மந்தைகளோடு வந்து குடியேறினார்கள். ஏர் ஓட்டிய தடம் இல்லை, வேலி இல்லை. சும்மா கிடக்கும் மேய்ச்சல் தரை என்றே நினைத்தார்கள். ஆடுகள் இலையைக் கடித்தன, மூக்கால் கிளறிக் கிழங்கையும் தின்றன. குளம்பு பட்டு மண் இறுகியது. ஆடுமாடு தின்று முர்னாங் போய்விட்டது என்று 1839-இலேயே அந்த மக்கள் முறையிட்டிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட நிலத்தில் பசி வந்தது. 1859-இல் கொண்டுவந்து விட்ட காட்டு முயல்கள் பெருகி, மிச்சத்துக்கும் வாய் வைத்தன.

நல்லவேளையாக, ஆடு எட்டாத சில இடங்களில் செடி தப்பியது. மோனாஷ் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் பெத் காட் இதை விரிவாக ஆராய்ந்தார். இப்போது பழங்குடி மக்களும் தோட்டக்காரர்களும் விதை சேர்த்து மீண்டும் வளர்க்கிறார்கள். இளகிய, நீர் தேங்காத மண் வேண்டும். களை அண்டக்கூடாது. ஆடும் முயலும் நுழையாமல் வேலி அவசியம்.

ஆகவே நண்பர்களே, ஒரு நிலத்தைத் தரிசு என்று சொல்லி மந்தையை விடுவதற்கு முன்னால், அங்கே குச்சியும் கூடையுமாக யார் வருகிறார்கள், என்ன தோண்டுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.