அவர் குனியக் கூடாதாம்... நான் வண்டியைத் தூக்கினேன்!

ரசப்பொடி, ரவிக்கை, மாமியார் பிரச்னை என்று எத்தனையோ எழுதி விட்டீர்கள். நான் எழுதப் போவது கடப்பாரை, ஜல்லி, போல்ட், ஆயில் பற்றி. முகம் சுளிக்காமல் படியுங்கள்!

நாங்கள் இருப்பது புதுச்சேரி ரெயின்போ நகர் பக்கம். வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட். அதுதான் என் கணவரின் டூவீலர் மெக்கானிக் ஷாப். போர்டு கூடக் கிடையாது. ஆனால், "குந்திக்கிட்டே வேலை பார்ப்பாரே, அவரு ஷெட்டு" என்றால் அக்கம்பக்கத்தில் தெரியும். இருபது வருஷமாக, காலை ஒன்பது மணிக்குக் குந்தினால் ராத்திரிதான் எழுந்திருப்பார்.

2011 டிசம்பர் 30ல் தானே புயல் வந்தபோது காற்றுதான் எங்களைப் பயமுறுத்தியது. ஷெட் தகரத்தில் பாதி பறந்து போனது. 2024 நவம்பர் 30 ராத்திரி வந்த ஃபெஞ்சலோ தண்ணீரால் அடித்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை! ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், வெங்கட்டா நகர் எல்லாம் குளமாகிவிட்டன. ராணுவம் வந்துதான் பல பேரை மீட்டது. வண்டிகளைப் பற்றி அந்த நேரத்தில் யார் நினைத்தார்கள்?

தண்ணீர் வடிந்த பிறகு நினைத்தார்கள். எங்கள் வாசலில் ஸ்கூட்டியும் பைக்குமாக வரிசை. தண்ணீர் புகுந்த எஞ்சினில் ஆயிலைத் திறந்து விட்டால், கறுப்பாக வராது தோழிகளே, பால் காபி மாதிரி வரும். (இதை மட்டும் நினைவில் வையுங்கள்: மூழ்கிய வண்டியைத் தப்பித் தவறியும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். உள்ளே போன தண்ணீர் எஞ்சினையே முறித்து விடும். தள்ளிக்கொண்டு போய் ஆயிலை மாற்றிய பிறகுதான் சாவி போட வேண்டும்.) உதவிக்கு இருந்த பையனும் ஊருக்குப் போய்விட்டான். ஒரு மாதத்துக்கு மேல் அவர் ஒருத்தராகவே குந்தி, குனிந்து, படுத்து வேலை பார்த்தார். பொங்கலுக்கு மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழ முடியவில்லை.

ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பில் கீழ் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ஆறு வாரம் ஓய்வு. அதற்குப் பிறகும், "குந்தி உட்காரவே கூடாது, குனிஞ்சு வேலை செய்யக் கூடாது" என்றார் டாக்டர். ஆபரேஷன் வேண்டாம் என்றதே பெரிய நிம்மதி எனக்கு. அவருக்கு அப்படி இல்லை. வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். ஷெட் என்ற வார்த்தையை எடுத்தாலே பதில் வராது. ஒருநாள் ராத்திரி மெதுவாகச் சொன்னார்: "ஷெட்டை வாடகைக்கு விட்டுடலாம். எங்கேயாவது ஏ.டி.எம்.ல வாட்ச்மேனா உக்காந்துக்கறேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

மறுநாள் நின்றபடி வெங்காயம் நறுக்கிக் கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. என் அம்மா தரையில் குந்தித்தான் சமைத்தாள். அரிவாள்மணை தரையில், அடுப்பு தரையில், அம்மி தரையில். நாற்பது வயதில் முட்டியும் இடுப்பும் போய்விட்டன. எனக்கு மேடை வந்தது, நிமிர்ந்து நிற்கிறேன். நமக்கெல்லாம் மேடை வந்துவிட்டதே, இவருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

வந்திருக்கிறது! ஸ்கூட்டியை ஃப்ரீ சர்வீஸுக்கு விட்ட ஷோரூமில் நானே பார்த்திருக்கிறேன். பைக்கை ஒரு இரும்பு மேசை மேல் ஏற்றி, காலால் பெடலை மிதிக்க மிதிக்க மேசை இடுப்பு உயரத்துக்கு எழும்பும். மெக்கானிக் நின்றபடியே வேலை பார்ப்பார். பைக் லிஃப்ட் என்கிறார்கள்.

புதிது நமக்குக் கட்டுப்படியாகாது. விசாரித்ததில், தட்டாஞ்சாவடியில் மூடப் போகிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழையது ஒன்று 15,000 ரூபாய்க்கு இருந்தது. என் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. அத்தைக்கு (என் மாமியார்) மட்டும் சொன்னேன். "அவன்கிட்ட இப்ப சொல்லாதே, வேணாம்னுடுவான்" என்றார்.

மாட்டித் தருவதாகச் சொன்ன ஃபிட்டர் இரண்டு முறை வருகிறேன் என்று வரவில்லை. மூன்றாம் முறை போனில், "இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா, உங்க வீட்டுக்காரரைப் பேசச் சொல்லு" என்றார். போனை வைத்துவிட்டேன். டில்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் லாரிக்கு டயர் கழற்றி மாட்டிய சாந்தி தேவியைப் பற்றி எப்போதோ பேப்பரில் படித்தது ஞாபகம் வந்தது. லாரி டயருக்கு முன்னால் நாலு போல்ட் எம்மாத்திரம்?

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நம் ஊரில் இன்றும் சொல்தா என்றுதானே சொல்கிறோம்? அவர் அங்கே லாரி ரிப்பேர் பிரிவில் இருந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார், கையால் உதவ முடியாது. வாய் மட்டும் ஓயாது. "முதல்ல தரையைப் பாரும்மா. மேலே இருக்கற எடையெல்லாம் அந்த நாலு போல்ட்டு வழியாத்தான் தரைக்கு இறங்கும்" என்றார்.

மூலையில் கொத்திப் பார்த்தேன். ஷெட் தரை இரண்டே அங்குலம், அடியில் செங்கல் ஜல்லி! அப்பளத்தின் மேல் ஆணி அடிக்கிற கதைதான். எட்டடிக்கு நாலடி அளவு கோடு போட்டு, கடப்பாரையால் பெயர்த்து, ஐந்து அங்குலம் தோண்டினேன். தினமும் சமையல் முடித்து, பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம். நான்கு நாள் ஆனது. உள்ளேயிருந்து, "என்ன சத்தம்?" என்றார் அவர். "தரை பேர்ந்து கிடக்கு, பூசறா" என்று அத்தை சமாளித்தார்.

அடிமண்ணைத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினேன். கான்கிரீட் கணக்கு ஒன்று, ஒன்றரை, மூன்று. அதாவது ஒரு சட்டி சிமெண்டுக்கு ஒன்றரைச் சட்டி மணல், மூன்று சட்டி முக்கால் அங்குல ஜல்லி. மொத்தம் மூன்று மூட்டை சிமெண்ட் பிடித்தது. நம் கை சும்மா இருக்குமா? தண்ணீரைத் தாராளமாக விடத் தோன்றும். விடக் கூடாது. இளக்கமாக இருந்தால் கலக்கச் சுலபம், ஆனால் பலம் போய்விடும். இட்லி மாவாக இல்லாமல் அடை மாவாக இருக்க வேண்டும் என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். தாத்தா நாற்காலியில் இருந்தபடி எட்டிப் பார்த்து, "போ... போதும்!" என்று கத்திக் கொண்டே இருந்தார். ஒரே நாளில் போட்டு முடித்தேன். அன்று ராத்திரி சாதம் பிசையக் கை வரவில்லை, ஸ்பூனால் சாப்பிட்டேன்.

பிறகு ஈரச் சாக்கு போட்டு வேளாவேளைக்குத் தண்ணீர். சிமெண்டுக்கு முழு பலம் வர 28 நாள் என்பார்கள். ஏழு நாளிலேயே போல்ட் அடிக்கலாம் என்று கடைக்காரர் ஒருவர் ஆசை காட்டினார். 28 நாளும் காத்திருந்தேன்.

அதற்குள் லிஃப்டைக் குட்டி யானையில் கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். சுமார் 140 கிலோ. வாசலிலிருந்து மேடைக்குப் பன்னிரண்டடி. பீரோவுக்கு அடியில் சாக்கைப் போட்டு இழுப்போமே, அது இங்கே எடுபடவில்லை. மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய இரும்புக் குழாய்த் துண்டு மூன்று வாங்கி வந்தேன். ஒரு பக்கம் கடப்பாரையால் நெம்பி, கட்டை கொடுத்து, குழாயைச் செருகி உருட்டினால்... சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு கை தள்ளினால் போகிறது! பின்னால் விடுபடும் குழாயை எடுத்து மறுபடி முன்னால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கால் விரலை மட்டும் அடியில் விடக் கூடாது.

மட்டம் பார்க்க நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தேன். ஒரு மூலை கால் அங்குலம் தாழ்வு. தகடு வெட்டிச் செருகினேன்.

அடுத்து ஆங்கர் போல்ட். டிரில் மெஷினை ஒருநாள் வாடகைக்கு எடுத்தேன். மூன்று போல்ட் நன்றாகப் பிடித்தது. நாலாவது முடுக்க முடுக்க சுற்றிக்கொண்டே இருந்தது. தப்பு என்னுடையதுதான். ஓட்டைக்குள் இருந்த சிமெண்ட் தூளை எடுக்காமல் அவசரத்தில் அடித்துவிட்டேன். தூள் இருந்தால் போல்டின் சட்டை விரிந்து சுவரைப் பிடிக்காதாம். ஒரு மணி நேரம் போராடிப் பிடுங்கினேன். பெண் குழந்தையாக இருந்தபோது பால் பாட்டில் கழுவிய பிரஷ் பரணில் இருந்தது. அதை விட்டுக் குடைந்து, சைக்கிள் பம்ப்பால் ஊதினேன். முகம் முழுக்க விபூதி! புது போல்ட் கிண்ணென்று பிடித்தது.

அப்போதுதான் அது நடந்தது. நான் சுத்தியலால் தட்டித் தட்டி முடுக்கும் சத்தம் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது போல. ஜன்னல் வழியே குரல் வந்தது: "ஒவ்வொண்ணா இறுக்காதே. நாலையும் கொஞ்சம் கொஞ்சமா, எதிர் எதிரா முடுக்கு. அப்பதான் கோணாது."

ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்காத மனுஷன்! ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அப்புறம் எதிர் எதிராகவே முடுக்கினேன்.

ஆயில் ஊற்றி மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. உள்ளே காற்று இருக்கிறதாம். பாரம் இல்லாமல் ஏழெட்டு முறை ஏற்றி இறக்கியதும் சரியானது. நம் கால் மிதிக்கு இத்தனை கிலோ எப்படி எழும்புகிறது என்று என் பெண்ணிடம் கேட்டேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "பாஸ்கல் விதிம்மா" என்று, மெல்லிய சிரிஞ்சு ஒன்று, பருத்த சிரிஞ்சு ஒன்று, நடுவில் குழாய் வைத்துத் தண்ணீர் விட்டுக் காட்டினாள். மெல்லியதை அழுத்தினால் பருத்ததைக் கட்டை விரலால் தடுக்க முடியவில்லை! ஆனால் மெல்லியதை நிறைய தூரம் அழுத்தினால்தான் பருத்தது கொஞ்சம் நகர்கிறது. அதனால்தான் அத்தனை மிதி மிதிக்க வேண்டியிருக்கிறது. 1662லேயே இறந்துபோன பிரெஞ்சுக்காரராம் அந்த பாஸ்கல். நம் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போனதில் இது என் வீட்டுக்கு வந்த பங்கு!

உடனே வண்டியை ஏற்றிவிடவில்லை. தோண்டிய மண்ணையே பைக்கு 25 கிலோ வீதம் எட்டுப் பையில் கட்டி மேலே அடுக்கினேன். 200 கிலோ, ஏறத்தாழ ஒரு புல்லட் எடை. தூக்கி நிறுத்தி, உயரத்தை டேப்பால் அளந்து எழுதி வைத்து, ஷெட்டைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அரை அங்குலம் இறங்கியிருந்தது. இறக்குகிற திருகைக் கழற்றினால் உள்ளே ஒரு பொட்டுத் தூசு. துடைத்துப் போட்டு மறுபடி ஒரு ராத்திரி. இந்த முறை அசையவில்லை. அப்படியும் சொல்தா தாத்தா விடவில்லை. மேசை எழும்பியதும் குறுக்கே இரும்பு லாக் ராடு செருகாமல் ஒரு விரல்கூட அடியில் போகக் கூடாது, ஆயிலை நம்பி யாரும் கையை விடக் கூடாது என்று என் பெண்ணையும் சேர்த்து நிற்க வைத்து மிரட்டினார்.

மார்ச் முதல் வாரம், இடுப்புப் பெல்ட்டோடு அவர் மெல்ல நடந்து ஷெட்டுக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. நாலு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துச் சோதித்தார். மேடையைக் காலால் தட்டிப் பார்த்தார். என் ஸ்கூட்டியை நான்தான் ஏற்றினேன். முன்சக்கரத்தைக் கிளாம்ப்பில் இறுக்கி, இரண்டு பக்கமும் பெல்ட் கட்டி, மிதித்துத் தூக்கி, லாக் போட்டேன். அவர் நின்றபடியே பிளக்கைக் கழற்றினார்.

இப்போதும் வண்டியை ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. கனமான வேலைக்குப் பையன் வந்துவிட்டான். முன்போல் ஒருநாளைக்குப் பத்து வண்டி பார்ப்பதில்லை, ஐந்தோடு சரி. ஒரு வளையல் மீண்டுவிட்டது, இன்னொன்று இன்னும் அடகில்தான் இருக்கிறது.

போன வாரம் புல்லட்டோடு வந்த ஒருவர் லிஃப்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கச்சிதமா இருக்கே அண்ணே, யாரு ஃபிட்டிங்?" என்று கேட்டார்.

அவர் ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "வீட்ல."

"வீட்டிலதான் இருக்குது, தெரியுது. மாட்டினது யாருன்னு கேக்கறேன்..."

"அதான் சொல்றேனே... வீட்ல!"

நான் மோர் கொடுக்க வந்தவள், டம்ளரோடு அப்படியே திரும்பி உள்ளே ஓடிவிட்டேன்.

- ஒரு வாசகி, புதுச்சேரி