இரண்டு சதவீதத்தில் சேராத உழைப்பு

புதுதில்லி: பெரிய நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்ற விதியைக் கொண்ட கம்பெனிகள் மசோதா, 2013 ஆகஸ்ட் 8 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நிதித்துறை நிலைக்குழு இருமுறை அலசிய மசோதா அது. சட்டத்தின் 135-ஆவது பிரிவு பேசுவதெல்லாம் ரூபாயைப் பற்றித்தான். ஊழியர்கள் தம் நேரத்தையும் திறமையையும் தொண்டு நிறுவனங்களுக்கு அளிப்பது குறித்து அதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்த இடைவெளியை அரசு முதலில் நிரப்பவே செய்தது. சட்டப்பிரிவு அமலுக்கு வந்த சில வாரங்களில், 2014 ஜூன் 18 அன்று கம்பெனி விவகார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. சமூகப் பணியில் ஊழியர் செலவிடும் நேரத்துக்குரிய சம்பளத்தை அந்தப் பணியின் செலவில் சேர்த்துக்கொள்ளலாம் என்றது அது. 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த விளக்கமோ நேர்மாறானது. ஊழியர்களை ஈடுபடுத்துவது ஊக்குவிக்கத் தக்கது, ஆனால் அவர்களது உழைப்பைப் பணமாக மதிப்பிட்டுக் கணக்கில் சேர்க்க இயலாது என்று அமைச்சகம் கூறிவிட்டது. பாராட்டு உண்டு, வரவு இல்லை.

இதனால் இழப்பு யாருக்கு என்பதை அறிய மைசூருவைப் பார்க்கலாம். அந்நகரின் ஹெப்பாள் பகுதியில் 300 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பயிற்சி வளாகம் உள்ளது. தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் படித்து அங்கே முதல் வேலைக்குச் சென்றவர்கள் பல குடும்பங்களில் இருப்பார்கள். டி.வி.எஸ். மோட்டார், பி.இ.எம்.எல். போன்ற தொழிற்சாலைகளும் மைசூரு வட்டாரத்தில் உள்ளன. கணக்கு, கணினி, பொறியியல் அறிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை.

தொண்டு அமைப்புகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றின் தொடக்கமே தன்னார்வப் பணிதான். 1984-இல் மைசூரு மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்த ஆர்.பாலசுப்ரமணியமும் நண்பர்களும், மருத்துவர்களுக்கு இலவசமாக வரும் மாதிரி மருந்துகளைச் சேகரித்து ஏழை நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினர். சுவாமி விவேகானந்தர் இளைஞர் இயக்கம் பிறந்தது இப்படித்தான். பின்னர் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்து வனப்பகுதிக்குச் சென்ற அவர்கள், கபினி அணையாலும் பந்திப்பூர் புலிகள் திட்டத்தாலும் இடம்பெயர்ந்த பழங்குடியினரிடையே பணியாற்றினர். சரகூரில் மருத்துவமனை, ஹொசஹள்ளியில் பழங்குடிக் குழந்தைகளுக்கான பள்ளி என அது வளர்ந்தது. மாணவர்களின் ஓய்வு நேரத்தில் தொடங்கிய வேலை இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம், அவர்கள் திரும்பிப் போகாததே.

பயிற்சி வளாகத்து இளைஞரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. சில மாதங்களில் அவருக்குச் சென்னைக்கோ புணேவுக்கோ பணியிட உத்தரவு வந்துவிடும். சனிக்கிழமைதோறும் வந்து கணினி சொல்லித்தந்த அக்கா ஏன் வரவில்லை என்று இல்லத்துக் குழந்தை கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அங்குள்ள காப்பாளர். கன்னடம் தெரியாதது இன்னொரு சிக்கல். ஆகவே மைசூரு போன்ற ஊரில், தனி நபரைவிட, ஒரு குழு போனால் அடுத்த குழு பொறுப்பேற்கும் ஏற்பாடே பயன் தரும். அந்த ஏற்பாட்டைச் செய்ய நிறுவனத்தால்தான் முடியும்.

நாம் வழக்கமாகக் காண்பது வேறு. பேருந்தில் வந்து இறங்கி, சுவருக்கு வண்ணம் பூசி, மரக்கன்று நட்டு, பதாகையோடு படமெடுத்துக்கொண்டு மாலையில் திரும்பும் காட்சி எல்லா ஊர்களிலும் உண்டு. வந்தவர்களுக்கு மதிய உணவு ஏற்பாடு செய்வதே சில இல்லங்களுக்குச் சுமையாகிவிடுகிறது. (வண்ணம் பூசுவதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை, பெயர்ந்துபோன சுவருக்கு அதுவும் தேவைதான்.)

இன்று சிறிய தொண்டு அமைப்புகளைத் திணறடிப்பது தில்லியிலிருந்து வரும் காகித வேலை. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், முதலில் நிதி பெறுவதற்கான கணக்கைத் தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கச் சொன்னது. நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெரிய அமைப்பு தான் பெற்ற நிதியைச் சிறிய அமைப்புக்குப் பகிர்வதையும் தடை செய்தது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற்றுத் திட்டங்களை நடத்த 2021 ஏப்ரல் முதல் தனிப் பதிவு கட்டாயம். வருமான வரி விலக்குக்கு மறுபதிவு. ஆண்டுதோறும் நன்கொடையாளர் விவர அறிக்கை. இரண்டு மூன்று பேர் நடத்தும் இல்லம், கணக்காளருக்கு எங்கே போகும்? மாதம் இரு சனிக்கிழமைகள் ஒரு கணக்குத்துறை ஊழியர் வந்து அமர்ந்தால், அந்த இல்லம் நன்கொடை பெறும் தகுதியை இழக்காமல் இருக்கும்.

அமைச்சகத்தின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. சம்பளத்தையே தொண்டாகக் காட்டி, ரொக்கமாகத் தர வேண்டியதைச் சில நிறுவனங்கள் குறைத்துவிடலாம். பிரான்ஸ் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊழியரைத் தொண்டு அமைப்பின் பணிக்கு அனுப்பும் நிறுவனம், அவரது ஊதியச் செலவில் 60 சதவீதம் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு உச்சவரம்பும் உண்டு. நம் 2 சதவீதத்திலும் மிகச் சிறிய பங்கை, கணக்கு, சட்டம், மருத்துவம் போன்ற திறன்சார் பணிக்கு மட்டும், பயன்பெற்ற அமைப்பின் சான்றோடு அனுமதித்தால் என்ன கெட்டுவிடும் என்பது தெரியவில்லை.

நிறுவனங்கள் ஆண்டறிக்கையுடன் இணைக்கும் படிவத்தில் திட்டத்தின் பெயர், மாவட்டம், செலவிட்ட தொகை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. ஊழியர் அளித்த மணிநேரத்துக்கு இல்லை. அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை; விதிகளில் மாற்றம் செய்யும் அறிவிக்கை போதும். தமிழகத்திலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ ஓர் உறுப்பினர் நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக இதை எழுப்பினால், அமைச்சர் அவையில் நின்று பதில் சொல்ல வேண்டிவரும்.